வெளியில் காயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: வயிற்றில் விழும் அடி பற்றி ஓர் ஆசிரியரின் வாக்குமூலம்

நான் ஒரு விஞ்ஞான பாட ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வெளியேறி இருபது வருடங்களுக்கு மேலாகின்றது. சமிபாட்டுத் தொகுதியின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் கரும்பலகையில் வரைந்துவிடுவேன். களம், இரைப்பை, ஈரல், சதையி, சிறுகுடல், பெருங்குடல் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து அமரும். நான் வரையும் அந்தப் படத்தில் ஓர் உறுப்பு மட்டும் இருப்பதில்லை. அது சமிபாட்டுடன் தொடர்பில்லாத மண்ணீரல். அந்த உறுப்பைப் பற்றி நான் உண்மையில் அறிந்துகொண்டது ஒரு மாணவனின் உயிர் ஊசலாடிய நாளில்தான்.

அந்த மாணவனின் பெற்றோரிடம் அனுமதி பெற்றே இதனை எழுதுகின்றேன். ஊரையும் பாடசாலையையும் வைத்தியசாலையையும் குறிப்பிடப் போவதில்லை. தவறு என்னுடையது. அதை மட்டும் குறிப்பிட்டால் போதுமானது.

அன்று நடந்தது

தரம் 7 மாணவன். காலை ஏழு மணியளவில் சைக்கிளில் பாடசாலைக்கு வரும் வழியில் குறுக்கே ஓடிய ஆட்டைத் தவிர்க்கப்போய் விழுந்திருக்கின்றான். ஹேண்டில் திரும்பி, அதன் முனை இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே குத்தியிருக்கின்றது. எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, அதே சைக்கிளில் பாடசாலைக்கு வந்து சேர்ந்தான்.

முதலாம் பாடவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சேர், விழுந்த இடம் நோவுது" என்றான். சேட்டை உயர்த்திப் பார்த்தேன். ஐந்து ரூபாக் குத்தி அளவில் ஒரு சிவந்த அடையாளம். இரத்தம் இல்லை, சிராய்ப்பும் பெரிதாக இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, வாங்கில் படுக்க வைத்து, தைலம் தடவி, சீனி போட்ட பிளேன்ரீ கொடுத்தேன். சற்று நேரத்தில் "இடது தோளும் நோவுது சேர்" என்றான். விழும்போது தோளும் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடைவேளையின்போது "இப்ப பறவாயில்ல சேர்" என்றான். பெரிய வகுப்பு மாணவன் ஒருவனுடன் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

வீட்டில் உம்மா எண்ணெய் தடவி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் படுக்க வைத்திருக்கின்றார். பகலுக்குப் பிறகு பிள்ளை வெளிறிப்போய், குளிர்ந்து வியர்த்து, இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கின்றான். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கின்றான். எழுப்பி உட்கார வைத்தபோது மயங்கி விழுந்துவிட்டான். பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியில் அவர்கள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்ததாம்.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. இரத்தம் ஏற்றியும் குருதி அமுக்கம் நிலைக்கவில்லை. அன்று மாலையே சத்திரசிகிச்சை செய்து மண்ணீரலை அகற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் வைத்தியசாலைக்குப் போனேன். சத்திரசிகிச்சை நிபுணர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "எத்தனை மணிக்கு அடிபட்டது?" என்பதுதான். ஏழு மணி என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் படுக்கையில் வைத்து அவதானித்து மண்ணீரலைக் காப்பாற்ற வாய்ப்பிருந்திருக்கலாம் என்றும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் கூறினார். அந்தப் பிள்ளையின் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேணுமெண்டு செய்யல்லயே சேர்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அந்த நிபுணரிடம் கேட்டும், தேடி வாசித்தும் நான் விளங்கிக்கொண்டவற்றை இங்கே தருகின்றேன். நான் வைத்தியன் அல்லன். இது வைத்திய ஆலோசனைக்கு மாற்றீடும் அல்ல. ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது முதலில் பார்ப்பவர்கள் ஆசிரியர்களும் பெற்றோருமாகிய நாங்கள்தான். அந்த இடத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

வயிற்றுக்குள் என்ன இருக்கின்றது?

வயிற்றிலுள்ள உறுப்புக்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விடயம் எளிதில் விளங்கும்.

ஒன்று, திண்மமான உறுப்புக்கள். வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஈரல் இருக்கின்றது. வளர்ந்தவர்களில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுடையது. இடப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் மண்ணீரல் இருக்கின்றது. அது மூடிய கைப்பிடி அளவானது, சுமார் 150 கிராம் நிறையுடையது. முதுகுப்புறத்தில் இரு சிறுநீரகங்களும், முள்ளந்தண்டுக்குக் குறுக்கே சதையியும் இருக்கின்றன. சதையியைச் சிலர் கணையம் என்பர். இவை இரத்தம் நிறைந்த உறுப்புக்கள். இவை கிழிந்தால் இரத்தம் பெருகும்.

மற்றையது, குழாய் அல்லது பை போன்ற உறுப்புக்கள். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், சிறுநீர்ப்பை என்பன இதில் அடங்கும். இவை கிழிந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும். குடலிலுள்ள பக்டீரியாக்கள் வயிற்றறைக்குள் பரவி அதன் மென்சவ்வில் அழற்சியை உண்டாக்கும்.

இந்த இரண்டு ஆபத்துக்களும் வெவ்வேறு வேகத்தில் வருபவை. இரத்தப்போக்கு நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ உயிரைப் பறிக்கக் கூடியது. குடல் கிழிவு ஆரம்பத்தில் சாதாரண வயிற்று வலிபோல இருந்துவிட்டு, பல மணித்தியாலங்களின் பின்னரோ மறுநாளோ காய்ச்சலும் இறுகிய வயிறுமாக வெளிப்படக் கூடியது. அதனால்தான் "நேற்று அடிபட்டது, இன்று ஒன்றுமில்லை" என்ற நிம்மதி சில வேளைகளில் பொய்த்துப்போகின்றது.

தோல் கிழியாமல் உள்ளே எப்படிக் கிழிகின்றது?

கத்தியால் குத்தினால் காயம் கண்ணுக்குத் தெரியும். மோதலில் நடப்பது வேறு. அது மூன்று விதமாக நடக்கின்றது.

முதலாவது, நசிவு. முன்னால் இருந்து வரும் அடிக்கும் பின்னால் இருக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் உறுப்பு அகப்பட்டுக்கொள்கின்றது. சைக்கிள் ஹேண்டில் முனை வயிற்றின் நடுவில் குத்தும்போது சதையியும் முன்சிறுகுடலும் இப்படித்தான் நசிகின்றன.

இரண்டாவது, இழுவை. ஓடிக்கொண்டிருந்த வாகனம் திடீரென நிற்கும்போது உடல் நின்றுவிடுகின்றது. ஆனால் உள்ளே உள்ள உறுப்புக்கள் முன்னோக்கிச் செல்ல முயல்கின்றன. அவை பொருத்தப்பட்டிருக்கும் இடங்களில் கிழிவு ஏற்படுகின்றது.

மூன்றாவது, அமுக்கம். வயிற்றுக்குள் அமுக்கம் சடுதியாக உயரும்போது காற்றடைத்த பையை ஓங்கி அடித்ததுபோலக் குடலோ நிரம்பியிருக்கும் சிறுநீர்ப்பையோ வெடிக்கலாம். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடுகூடச் சில நேரங்களில் கிழிகின்றது.

சிறுவர்கள் இதில் கூடுதல் ஆபத்தில் இருக்கின்றார்கள். அவர்களின் வயிற்றுத் தசை மெல்லியது. விலா எலும்புகள் வளைந்து கொடுப்பவை. ஆதலால் எலும்பு முறியாமலே அதற்குக் கீழுள்ள உறுப்பு கிழிந்துவிடலாம். உடலின் அளவோடு ஒப்பிடும்போது அவர்களின் ஈரலும் மண்ணீரலும் பெரியவை, விலா எலும்புகளின் பாதுகாப்புக்குக் கீழே சற்று இறங்கியும் இருப்பவை.

மண்ணீரல் வீங்கியிருப்பவர்களுக்குச் சிறிய அடியும் பெரிய ஆபத்தாகலாம். தலசீமியா நோயுள்ள பிள்ளைகள் இதில் முக்கியமானவர்கள். அத்தகைய பிள்ளைகள் எமது வகுப்பில் இருந்தால் ஆசிரியர் அதனை அறிந்திருக்க வேண்டும்.

சைக்கிள் விபத்து மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி விபத்துக்கள், மாமரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுதல், மாடு முட்டுதல், விளையாட்டில் முழங்கால் படுதல் என்பவையும் இதில் அடங்கும். சொல்லக் கூச்சமான இன்னொன்றும் உண்டு. அது வீட்டிலும் வெளியிலும் விழும் அடியும் உதையும். இத்தகைய நேரங்களில் "படியில் விழுந்துவிட்டாள்" என்று மறைத்துவிடுகின்றோம். எங்கே, எதனால், எவ்வளவு பலமாக அடிபட்டது என்பதை வைத்தே வைத்தியர் உள்ளே எது கிழிந்திருக்கலாம் என்று ஊகிக்கின்றார். அங்கே சொல்லும் பொய் உயிருக்கே உலைவைக்கும்.

தோள் ஏன் நொந்தது?

அன்று எனக்கு அந்தப் பிள்ளை தெளிவாகவே சொல்லியிருக்கின்றான். எனக்குத்தான் விளங்கவில்லை.

மண்ணீரலில் இருந்து வழியும் இரத்தம் பிரிமென்றகட்டின் கீழ்ப்பக்கத்தை உறுத்துகின்றது. பிரிமென்றகட்டுக்கு வரும் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து புறப்படுவது. தோளின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் அதே கழுத்துப் பகுதிக்கே போகின்றன. மூளை இரண்டையும் பிரித்தறிய முடியாமல் தோள் நோவதாக எடுத்துக்கொள்கின்றது. ஹான்ஸ் கேர் என்ற ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் இந்த அறிகுறி வைத்திய நூல்களில் அழைக்கப்படுகின்றது. வயிற்றில் அடிபட்ட ஒருவர், தோளில் அடிபடாமலே தோள் நோவதாகச் சொன்னால், அது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அறிகுறியாகும்.

"இப்ப பறவாயில்ல" என்று அவன் சொன்னதையும் இப்போது விளங்கிக்கொள்கின்றேன். சிறுவர்களின் உடலில் ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 75 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கின்றது. 32 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 2.4 லீற்றர். அதில் கால்வாசி 600 மில்லிலீற்றர். சிறிய தண்ணீர்ப் போத்தலை விடச் சற்றுக் கூடிய அளவுதான். இவ்வளவு இழந்த பின்னரும் பிள்ளையின் குருதி அமுக்கம் இயல்பாகவே இருக்கக் கூடும். இதயம் வேகமாகத் துடித்தும், தோலுக்குப் போகும் குருதிக் கலன்களைச் சுருக்கியும் உடல் சமாளிக்கின்றது. அந்தச் சமாளிப்பு முடியும்போது வீழ்ச்சி சடுதியாக வருகின்றது. குருதி அமுக்கம் இறங்கிய பிறகு விழித்துக்கொள்வது காலங்கடந்த விழிப்பு. அதற்கு முன்னால் வெளிறலும் குளிர்ந்த வியர்வையும் வேகமான நாடித்துடிப்பும் தாகமும் வந்துவிடுகின்றன.

வைத்தியசாலையில் என்ன நடக்கின்றது?

வயிற்றில் அடிபட்டவரைக் கொண்டுபோனதும் ஏன் உடனே சத்திரசிகிச்சை செய்வதில்லை என்று சிலர் சத்தம் போடுகின்றார்கள். வேறு சிலர் ஏன் அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள் என்று கேட்கின்றார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் சுவாசப்பாதை, சுவாசம், குருதிச் சுற்றோட்டம் என்ற ஒழுங்கில் பரிசோதிக்கின்றார்கள். நாளத்தில் ஊசி ஏற்றிக் குருதி மாதிரி எடுத்து, குருதி வகையைப் பார்க்கின்றார்கள். தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுகின்றார்கள்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கட்டிலின் பக்கத்திலேயே சில நிமிடங்களில் செய்யக் கூடியது. ஈரலைச் சுற்றி, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக் குழியில், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களில் திரவம் தேங்கியிருக்கின்றதா என்று பார்க்கின்றார்கள். இது பரவலாவதற்கு முன்பு, 1965 முதல் அறியப்பட்ட இன்னொரு முறை வழக்கில் இருந்தது. வயிற்றில் சிறு துளையிட்டு, சேலைனை உட்செலுத்தி, திரும்பி வரும் திரவத்தில் இரத்தம் கலந்திருக்கின்றதா என்று பார்ப்பார்கள். இன்று அதற்கான தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. குடல் கிழிவும் சதையிக் காயமும் அதில் தப்பிவிடலாம். நோயாளி நிலையாக இருந்தால், நாளத்தில் சாய மருந்து செலுத்தி சீ.ரி. ஸ்கேன் எடுக்கின்றார்கள். எந்த உறுப்பு, எவ்வளவு ஆழத்துக்குக் கிழிந்திருக்கின்றது, இரத்தம் இன்னும் கசிகின்றதா என்பதை அது காட்டும். காயத்தின் அளவை 1 முதல் 5 வரை தரப்படுத்துகின்றார்கள். 5 மிகக் கடுமையானது. அமெரிக்க நிபுணர்கள் 1989இல் வெளியிட்ட அளவுகோலே காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு இன்றும் பயன்படுகின்றது. குருதி அமுக்கம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய்க் காலத்தைக் கடத்த முடியாது. அவருக்குரிய இடம் சத்திரசிகிச்சைக் கூடம்.

இவற்றை விட முக்கியமானது திரும்பத் திரும்பப் பார்ப்பது. ஒரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்லை. மணித்தியாலக் கணக்கில் நாடியையும் அமுக்கத்தையும் வயிற்றையும் பார்க்கின்றார்கள். "சும்மா படுக்க வைத்திருக்கின்றார்கள்" என்று நாம் கோபப்படும் அந்த நேரம் உண்மையில் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

திறப்பதா, காத்திருப்பதா?

ஒரு காலத்தில் மண்ணீரல் கிழிந்தால் அகற்றிவிடுவதே வழக்கம். அது இல்லாமலும் வாழலாம் என்றே கருதினார்கள். 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், குழந்தைப் பருவத்தில் மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் பின்னர் கடுமையான கிருமித்தொற்றுக்கு ஆளாவதை எடுத்துக்காட்டினார்கள். 1968இல் கனடாவின் டொரொன்டோ நகரச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள், மண்ணீரல் காயப்பட்ட பிள்ளைகளைச் சத்திரசிகிச்சையின்றியும் குணப்படுத்தலாம் என்ற அனுபவத்தை வெளியிட்டார்கள். அன்று பலர் அதை ஏற்கத் தயங்கினார்கள். இன்று அதுவே உலக வழமை. குருதி அமுக்கம் நிலையாக உள்ள சிறுவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் கத்தி படாமலேயே மண்ணீரல் ஆறிவிடுகின்றது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும்பாலும் இந்த வழியே பின்பற்றப்படுகின்றது.

வசதியுள்ள இடங்களில், கசியும் நாடியை உள்ளிருந்தே அடைக்கும் முறையும் உண்டு. தொடையிலோ கையிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இதனைச் செய்கின்றார்கள்.

எனவே காத்திருப்பது அலட்சியம் அல்ல. ஆனால் அது வைத்தியசாலைக் கட்டிலில், இரத்தமும் சத்திரசிகிச்சைக் கூடமும் தயாராக இருக்க, கண்காணிப்புடன் நடக்கும் காத்திருப்பு. நான் அன்று செய்தது அதுவல்ல.

இரத்தம் ஏற்றியும் அமுக்கம் நிலைக்காவிட்டால், குடல் கிழிந்திருந்தால், வயிறு முழுவதும் இறுகி அழற்சிக் குறிகள் தோன்றினால் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

சத்திரசிகிச்சையில் செய்வது என்ன?

நெஞ்செலும்பின் கீழிருந்து நேராக ஒரு நீண்ட வெட்டு. முதல் வேலை இரத்தத்தை நிறுத்துவது. வயிற்றின் நான்கு மூலைகளிலும் துணிப் பஞ்சணைகளை வைத்து அழுத்தி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கசிவு எங்கிருந்து வருகின்றது என்று தேடுகின்றார்கள்.

மண்ணீரலின் சிறு கிழிவைத் தைக்கலாம், ஒரு பகுதியை மட்டும் அகற்றவும் செய்யலாம். சிதைந்திருந்தால், நோயாளியின் நிலை அதற்கு மேல் தாங்காது என்றால், முழுவதையும் அகற்றுவார்கள்.

ஈரலை அப்படி முழுமையாக அகற்ற முடியாது. அது இல்லாமல் உயிர் வாழ இயலாது. ஈரலுக்குள் செல்லும் குருதிக் கலன்களை விரல்களால் பிடித்து அல்லது கவ்வியால் இறுக்கித் தற்காலிகமாகக் குருதியோட்டத்தைத் தடுப்பார்கள். கிளாஸ்கோ நகரின் ஹோகார்த் பிரிங்கில் என்ற நிபுணர் 1908இல் விபரித்த முறை இது. நூறு வருடங்களைத் தாண்டியும் பயன்படுகின்றது. அத்துடன் ஈரலைச் சுற்றித் துணிகளை அடைத்து அழுத்தி வைப்பதும் உண்டு.

குடலில் சிறு துளை என்றால் தைப்பார்கள். பெரிய சிதைவென்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைப்பார்கள். இணைப்பு ஆறாது என்ற அச்சமிருந்தால் குடலின் முனையைச் சில காலத்துக்கு வயிற்றின் வெளியே ஒரு பையில் திறந்து விடுவார்கள். பின்னர் உள்ளே சேர்த்துவிடலாம். இதைக் கண்டு குடும்பங்கள் இடிந்துபோகின்றன. பெரும்பாலும் அது தற்காலிகமானது.

சில வேளை வயிற்றை முழுமையாக மூடாமலே அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அதிக இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்து, இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, இரத்தம் உறையும் தன்மையையும் இழந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்த பிறகு நீண்ட சத்திரசிகிச்சையே ஆளைக் கொன்றுவிடும். ஆதலால் இரத்தத்தையும் குடல் கசிவையும் மட்டும் நிறுத்திவிட்டு, ஓரிரு நாட்கள் உடலைத் தேற்றி, மீண்டும் கூடத்துக்குக் கொண்டுவந்து மிகுதியை முடிப்பார்கள். 1993இல் பிலடெல்பியா நிபுணர்கள் பெயரிட்டு விபரித்த பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. இரண்டாவது தடவை கொண்டுபோகின்றார்கள் என்றால் முதல் தடவை பிழைத்துவிட்டது என்று எண்ணத் தேவையில்லை.

மண்ணீரல் இல்லாத வாழ்க்கை

அந்த மாணவன் இன்று வகுப்பில் இருக்கின்றான், ஓடுகின்றான், சிரிக்கின்றான். ஆனால் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கவனம் தேவை. மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டி, குறிப்பிட்ட சில பக்டீரியாக்களை அழிக்கும் உறுப்பு. அது இல்லாதவர்களுக்கு நியுமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். அவசரச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இவற்றை ஏற்றுவது வழக்கம். வருடாந்த இன்புளுவென்சா தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றது. சிறுவர்களுக்குப் பல வருடங்களுக்குப் பெனிசிலின் வகை மாத்திரையும் கொடுக்கின்றார்கள்.

இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. சாதாரண காய்ச்சலாகத் தொடங்கும் தொற்று ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கக் கூடியது. நாய் கடித்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மலேரியா உள்ள நாடுகளுக்குப் பயணிக்கும் முன் வைத்தியரிடம் பேச வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டதைக் குறிக்கும் அட்டையொன்றை எப்போதும் கூடவே வைத்திருப்பது நல்லது. எமது பாடசாலையில் அவனுடைய வகுப்பாசிரியர் கோவையின் முதல் பக்கத்தில் இப்போது இது எழுதப்பட்டிருக்கின்றது.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

வயிற்றில் பலமான அடிபட்ட எவரும், வெளியில் காயம் இல்லாவிட்டாலும், வைத்தியரிடம் காட்டப்பட வேண்டும். கீழ்வரும் அறிகுறிகளில் ஒன்றேனும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

- கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, அல்லது தொட விடாத வலி
- அடிபடாத தோளில் நோவு
- வெளிறல், குளிர்ந்த வியர்வை, தாகம், வேகமான நாடித்துடிப்பு
- எழும்போது தலைசுற்றல், மயக்கம், வழமைக்கு மாறான தூக்கக் கலக்கம்
- திரும்பத் திரும்ப வாந்தி
- வயிறு வீங்குதல் அல்லது பலகைபோல இறுகுதல்
- சிறுநீரில் இரத்தம்
- வயிற்றில் ஹேண்டில், டயர் அல்லது ஆசனப்பட்டியின் அடையாளம்

கர்ப்பிணித் தாய்மாருக்கு வயிற்றில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நச்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். தாகம் என்று கேட்டாலும் உதட்டை நனைத்து விடுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் உணவு மேலேறி சுவாசப்பாதைக்குள் போகலாம். எண்ணெய் தடவி உருவாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். வலி மாத்திரை கொடுத்து வலி குறைந்ததைக் கொண்டு ஆபத்து நீங்கியதாக எண்ணாதீர்கள். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றாதீர்கள். படுக்க வைத்து, போர்த்தி, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. அடிபட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையோடு அனுப்புங்கள்.

வைத்தியசாலை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் கதை முடிந்துவிடுவதில்லை. மண்ணீரல் சில நாட்கள் கழித்து மீண்டும் கசியலாம். முன்சிறுகுடலில் உறைந்த இரத்தம் பிறகு அடைப்பை உண்டாக்கி வாந்தியாக வெளிப்படலாம். வைத்தியர் சொல்லும் காலம் வரை விளையாட்டும் சைக்கிளும் வேண்டாம்.

தடுப்பதும் எமது கையில் இருக்கின்றது. பிள்ளைகளின் சைக்கிள் ஹேண்டிலில் இறப்பர்ப் பிடி கழன்று இரும்புக் குழாய் வெறுமனே நீட்டிக்கொண்டிருப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கின்றோம்? அதை மாற்றச் சிறு தொகையே செலவாகும். ஆசனப்பட்டி வயிற்றின் குறுக்கே அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படும்படி அணியப்பட வேண்டும்.

இறுதியாக ஒன்று. அன்று அந்தப் பிள்ளைக்கு ஏற்றிய இரத்தம் எவரோ முகம் தெரியாத மனிதர்கள் கொடுத்தது. 18 முதல் 60 வயது வரையான, 50 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமான எவரும் நான்கு மாதங்களுக்கு ஒரு தடவை இரத்ததானம் செய்யலாம். எமது ஊர்ப் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் இம்முகாம்கள் நடக்கும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். நானும் பல வருடங்கள் ஒதுங்கி நின்றவன்தான்.

எமது பாடசாலையில் இப்போது ஒரு விதி வைத்திருக்கின்றோம். வயிற்றில் அடிபட்ட எந்தப் பிள்ளையும் தனியாகவோ இன்னொரு மாணவனுடனோ வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. பெற்றோருக்கு அறிவித்து, ஆசிரியர் ஒருவர் கூடச் சென்று வைத்தியசாலையில் ஒப்படைக்கின்றார். இதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. அதிபரும் ஆசிரியர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம், அவ்வளவுதான். இதை வாசிக்கும் ஆசிரியர்கள் உங்கள் பாடசாலையிலும் அப்படி உட்கார்ந்து பேசுங்கள்.

நான் இன்றும் சமிபாட்டுத் தொகுதியின் படத்தை வரைகின்றேன். வரைந்து முடிந்ததும் இடப்பக்க மூலையில், இரைப்பைக்குப் பின்னால், சிவப்பு வெண்கட்டியால் மண்ணீரலையும் வரைந்துவிடுகின்றேன். பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் சேர் வரைகின்றீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். முதல் வாங்கில் இருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.